பில் வேண்டாம் என்றால் ஐநூறு ரூபாய் குறையும்

திண்டிவனத்தில் புறவழிச்சாலை ஓரம் ஒரு வாட்டர் வாஷ் கொட்டகையில் என் காருக்காகக் காத்திருந்தபோது கரண்ட் போனது. பக்கத்து காரின் பானெட்டில் பாலிஷர் ஓட்டிக்கொண்டிருந்த பையன் மிஷினை அப்படியே காரின் கூரைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. கூரைமேல் இருந்த மிஷின் தானாகச் சுழன்று, முன்கண்ணாடி வழியாக உருண்டு, வைப்பரை முறித்துக்கொண்டு தரையில் விழுந்து துள்ளியது. ஓனர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். மிஷினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதற்காகச் சுவிட்சைப் பூட்டிவைக்கும் பொத்தான் அது. கரண்ட் போனபோது பையன் அதை விடுவிக்கவில்லை.

நல்ல மிஷின்கள் சிலவற்றில் இதற்குத் தடுப்பு உண்டு. கரண்ட் திரும்பி வந்தாலும், சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஓடும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாத மிஷின் என்றால், கரண்ட் போனதும் கை முதலில் பிளக்குக்குப் போக வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் சாலைகளில் வாட்டர் வாஷ் கொட்டகைகள் பெருகிவிட்டன. தண்ணீர் அடித்துத் துடைப்பதில் கிடைப்பதைவிட பாலிஷில் காசு அதிகம். அதனால் ஒரு பஃப்பிங் மிஷின் வாங்கிப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் இறங்குகிறார்கள். இறங்கட்டும். ஆனால் முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: டிங்கரிங் வேலைக்கு வைத்திருக்கும் நான்கு அங்குல கிரைண்டரிலேயே ஸ்பாஞ்சு பேடை மாட்டி ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். சாதாரண ரோட்டரி பாலிஷரின் உச்ச வேகமே 3,000 சுற்றுதான், குறைந்த வேகம் 600 சுற்று வரை இறங்கும். ஸ்பாஞ்சும் அதன் பின்தட்டும் பாலிஷரின் வேகத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை. கிரைண்டரில் மாட்டினால் பேடு பிய்ந்து முகத்துக்கு வரும். அதற்கு முன்பே பெயின்ட் வெந்துவிடும்.

பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பதைப் பலர் அறிவதில்லை. இன்றைய கார்களில் தகட்டுக்கு மேல் உள்ள எல்லாப் பூச்சும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். பளபளப்பைத் தரும் மேல் கிளியர் கோட் அதில் 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். ஒவ்வொரு காம்பவுண்டு பாலிஷும் இந்தப் பூச்சில் சில மைக்ரானைத் தின்கிறது, பானெட்டின் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் இன்னும் சீக்கிரம் தின்னும். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரித் தூசு படிந்த காரைச் சரியாகக் கழுவாமல் பேடு வைத்தால், அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கை பழகாதவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் மிஷின் நல்லது. பேடு தன்னைத்தானே சுற்றுவதோடு மையம் விலகிச் சிறு வட்டமாகவும் ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு தேங்காது. ரோட்டரிதான் வேண்டும் என்றால், பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட் வாங்கி அதன்மேல் பழகுங்கள். முதல் விளிம்பை எரிப்பது வாடிக்கையாளர் வண்டியாக இருக்க வேண்டாம்.

கொட்டகைத் தரை எப்போதும் ஈரம். மிஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது, இரண்டு பின் பிளக் போதும். குறி இல்லாமல் மூன்று பின் பிளக்கோடு வந்தால் எர்த் கட்டாயம். பிளக் பொருந்தவில்லை என்று மூன்றாவது பின்னை வெட்டி எறிவதை நானே பார்த்திருக்கிறேன். எம்சிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது ஒயரைக் காப்பாற்றுவதற்கு. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும். பிளக், ஸ்விட்சு வாங்கும்போது அதிலுள்ள ஐஎஸ்ஐ உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால், அது மெய்யா பொய்யா என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் மிஷினிலும் ஒரு கண் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் முழுகி எழுந்த மோட்டார்கள், துடைத்துக் காய்ந்த பின் பார்வைக்குப் புதுசுபோலவே இருக்கும். வைண்டிங் கடையில் காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்க்காமல் பழைய மிஷினுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி பில் கதை. அந்தப் பையனின் மிஷின் வாங்கி மூன்றாம் மாதமே ஆர்மேச்சர் புகைந்திருக்கிறது. வாங்கிய கடைக்கு எடுத்துப் போனான். "நீதான் பில் வேணாம்னு சொன்னியேப்பா" என்றாராம் கடைக்காரர். மிஷினோடு பில் கேட்டால் ஐநூறு ரூபாய் கூடுதல் என்று சொன்னவரும் அவர்தான். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "தொழிலுக்கு வாங்கின மிஷினுக்கு கன்ஸ்யூமர் கோர்ட் எடுக்காது." இந்த இரண்டாவது பேச்சுக்கு நம் ஊர்களில் நிறையப் பேர் மயங்கிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து வயிறு கழுவ மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் செய்துகொடுத்த ஓர் இயந்திரத்தைப் பற்றிய வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை விளக்கியது. லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஆட்டோவையோ இயந்திரத்தையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆள் வைத்து ஓட்டிவிட்டு லாபம் பார்ப்பவர்தான் வெளியே. அந்த வழக்கைப் போட்டவர்கள் பெரிய அளவில் தொழில் செய்ததால் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். 2024 மே மாதத் தீர்ப்பு ஒன்றில், வணிக நோக்கம் என்று சொல்கிறவர்தான் முதலில் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மூன்று கிளை வைத்திருக்கும் முதலாளிக்கு இந்தக் கதவு திறக்காமல் போகலாம், தானே பேடு பிடிக்கும் பையனுக்குத் திறக்கும்.

பில் கொடுக்க மறுப்பதே அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகைக்கும் பழுதான பொருள் விஷயத்தில் மதிப்பில்லை. பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதானதைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுக்கக் கூடாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்ப இது வழி அல்ல. அதேபோல் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி எறிந்தோ, பொருந்தாத பேடை மாட்டியோ அடிபட்டால், மிஷினை மாற்றித் தவறாகப் பயன்படுத்தினாய் என்ற ஒரே வாதத்தில் விற்றவர் தப்பிப்பார்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் உங்கள் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதையும் தளப் பக்கத்தில் காட்டியாக வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பேசியே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும் என்பது என் அனுபவம். முடியவில்லை என்றால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பு கம்பெனி இருக்கும் ஊருக்கோ பொருள் வாங்கிய ஊருக்கோ அலைய வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அது மயிலமோ செஞ்சியோ, உங்கள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

காரை விட்டுவிட்டுப் போகும் வாடிக்கையாளருக்கும் இதே சட்டம்தான். கிளியர் கோட் எரிந்தால் அது சேவைக் குறைபாடு. விடும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, செய்ய வேண்டிய வேலையை எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் ஐந்து வருட வாரண்டி தருகிறவரிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது அதை எழுதச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அந்தப் பையன் அடுத்த மிஷினுக்கு பில் வாங்கினான். பெருமையாகப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினான். தகரக் கொட்டகை வெயிலில் இரண்டு மாதம் கிடந்த தெர்மல் தாள், கடைப் பெயர்கூட மங்கி வெளுத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தேதியும் சீரியல் எண்ணும் இன்னும் தெரிந்தன. செல்போனை வாங்கி, மிஷினின் பெயர்ப்பட்டியையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தேன்.