நாள் வாடகை வீடும் தேய்மானக் கணக்கும்



பால் வெட்டும் கத்தி தீட்டத் தீட்டத் தேயும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுச் சாமான்களும் அப்படித்தான். மெத்தை அமுங்கும், சோபா கிழியும், குளிர்சாதனம் ஓடி ஓடிக் களைத்துப் போகும். சொந்த வீட்டில் இது நம் பாடு. ஆனால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வரும் பணத்துக்கு வருமான வரியும் கட்டுகிறோம் என்றால், தேய்ந்து போன பொருளுக்குக் கணக்கில் இடம் உண்டா?

இன்று இந்தக் கேள்வி நம் குடும்பங்களிலும் எழுகிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். வங்கிக் கடனில் போர்ட்டிக்சனிலோ கேமரன் மலையிலோ ஒரு வீடு வாங்கி, சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்துச் சாமான் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. பணம் போடும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

வீட்டுக்குக் கழிவு இல்லை

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குடியிருப்பு வீட்டின் விலையில் ஆண்டுக்கு இவ்வளவு தேய்ந்தது என்று எழுதி வரியைக் குறைக்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் எழுதும் தேய்மானத்தை வருமான வரி வாரியம் செலவாக ஏற்பதில்லை. அதற்குப் பதிலாகச் சட்டம் தருவது ‘மூலதனக் கழிவு’. தொழிலுக்குப் பயன்படும் சாமான்கள், இயந்திரங்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். அதுவும் எல்லா வாடகைக்காரருக்கும் இல்லை.

வாடகையில் இரண்டு வகை

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு வருமானத்தை வகை பிரிக்கிறது. வீட்டைப் பூட்டுச் சாவியோடு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மாதம் பிறந்தால் வாடகை வாங்குகிறீர்கள் என்றால் அது 4(டி) வகை. நில வரி, வீட்டு மதிப்பீட்டு வரி, கடன் வட்டி, தீக் காப்புறுதி, பழுது பார்த்த கூலி ஆகியவற்றைக் கழிக்கலாம். சாமான்களுக்கு மூலதனக் கழிவு கிடையாது. அந்த ஆண்டு நட்டம் வந்தாலும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போக முடியாது.

பராமரிப்பும் மற்றச் சேவைகளும் முழுமையாகவும் முனைப்பாகவும் செய்து கொடுத்தால், அது 4(ஏ) என்னும் வியாபார வருமானமாகும். அந்த வேலையை நீங்களே செய்யலாம், கூலிக்கு ஆள் வைத்தும் செய்யலாம். ஆனால் பெயருக்கு ஒரு தடவை கூட்டிப் பெருக்கினால் போதாது. நாள் வாடகை என்ற ஒரே காரணத்தால் அது வியாபாரம் ஆகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். நீங்கள் செய்யும் சேவையே வகையைத் தீர்மானிக்கும். சந்தேகம் இருந்தால் பாரத்தை நிரப்பும் முன் வருமான வரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாள் வாடகை வீடு ஒன்று ஆண்டுக்கு 24,000 வெள்ளி ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி, வரி, தண்ணீர், மின்சாரம், சலவை எல்லாம் சேர்ந்து 15,000 வெள்ளி. மீதி 9,000. 4(டி) வகையானால் இந்த 9,000-மும் வரிக்குரிய வருமானத்தில் சேரும்.

அதே வீடு 4(ஏ) வகையில் வந்தால், அந்த ஆண்டு வாங்கிய சாமான்களுக்கு இப்படிக் கழிவு கிடைக்கும்:

5,000 வெள்ளி சோபா தொகுப்பு: தட்டுமுட்டுச் சாமானுக்கு முதற் கழிவு 20 விழுக்காடு, ஆண்டுக் கழிவு 10 விழுக்காடு. முதல் ஆண்டு 1,500 வெள்ளி. அதன்பின் ஆண்டுக்கு 500 வீதம் 7 ஆண்டுகள்.

தலா 2,500 வெள்ளியில் இரண்டு குளிர்சாதனங்கள்: முதற் கழிவு 20, ஆண்டுக் கழிவு 14 விழுக்காடு. முதல் ஆண்டு 1,700 வெள்ளி.

மெத்தை, மின்விசிறி போன்றவை 3,000 வெள்ளிக்கு: ஒவ்வொன்றும் 2,000 வெள்ளிக்கு மேற்போகாத பொருளானால், முழு விலையையும் அந்த ஆண்டே கழிக்கலாம். இத்தகைய சிறு பொருள்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை இடம் உண்டு.

ஆக மொத்தம் 6,200. வரிக்குரியது 2,800 வெள்ளிதான். கழிவு வருமானத்தை மிஞ்சினால், மிச்சத்தை அதே தொழிலின் பின்வரும் ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது.

கழிவு வேறு, லாபம் வேறு

6,200 வெள்ளி கழிந்தது என்றால் 6,200 வெள்ளி கைக்கு வந்தது என்று பொருளல்ல. 11 விழுக்காடு வரி கட்டும் பிள்ளைக்கு அதனால் மிச்சமாவது 682 வெள்ளி. 1 விழுக்காடு கட்டுபவருக்கோ வெறும் 62 வெள்ளி. ஆனால் சாமானுக்குக் கொடுத்தது 13,000 வெள்ளி! “வரி குறையும், வாங்கிப் போடுங்கள்” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். வீட்டுக்கு அவசியமானால் வாங்குங்கள். கழிவு அதற்குத் துணை மட்டுமே.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் நாள் வாடகைக்கு விடுவதை நிர்வாகக் குழு தடை செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆகவே முதலில் அந்தக் கட்டடத்தின் விதிகளைப் படியுங்கள். சாமான் வாங்குவது பிறகு. ஊராட்சி மன்ற உரிமம் தேவையா என்றும் விசாரியுங்கள்.

இவற்றை மறவாதீர்கள்

1. ரசீதுகளையும் வங்கிக் கணக்கறிக்கைகளையும் 7 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத பொருளை வாங்கியதாக நிரூபிப்பது கடினம். தேதி, பொருள், விலை மூன்றையும் பள்ளிக்கூடக் கட்டுரைப் புத்தகம் ஒன்றில் எழுதி வந்தாலே போதும்.

2. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் குடும்பமே அங்குப் போய்த் தங்கினால், சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

3. கழிவு வாங்கிய பொருளைப் பிறகு விற்றால், அதையும் தெரிவிக்க வேண்டும். கழிந்தது போக மீதியிருக்கும் மதிப்பைவிட அதிக விலைக்குப் போனால், அந்த வித்தியாசம் வருமானத்தில் திரும்பச் சேரும்.

4. வியாபார வருமானம் உள்ளவர் ‘பி’ பாரம் நிரப்ப வேண்டும்; கடைசி நாள் ஜூன் 30. வியாபாரம் இல்லாதவருக்கு ‘பி.இ.’ பாரம், ஏப்ரல் 30.

பெற்றோரே, வீடு மகன் பேரிலோ மகள் பேரிலோ இருக்கலாம். அங்கே விரிப்பு மாற்றுவதும் முற்றம் கூட்டுவதும் பல குடும்பங்களில் நீங்கள்தான். உங்கள் சேமநிதியும் அதில் கலந்திருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவை பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தப் பொருள் எவ்வளவு தேய்ந்தது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். உழைத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது உழைத்தவர் உரிமை.