பிறபொருளெதிரியும் புணரியலும்

உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர், ‘பிறபொருளெதிரி’ என்னுஞ் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறும்படி என்னிடம் வந்தார். உடலுக்குரியதல்லாத பிறபொருளை எதிர்ப்பது பிறபொருளெதிரி. அதனைத் தோற்றுவிப்பது பிறபொருளெதிரியாக்கி. சொல்லைப் பிரித்தல் எளிதாயிற்று. அடுத்த வினாவோ எளிதன்று. “ஐயா, எண்ணிறந்த கிருமிகளையும் நஞ்சுகளையும் உடல் எங்ஙனம் வேறுவேறாக இனங்காண்கின்றது?” விஞ்ஞான ஆசிரியர்க்குரிய பொருளில் தமிழாசிரியன் புகுவதை அன்பர்கள் பொறுப்பாராக.

பிறபொருளெதிரி ஒரு புரதம். கவைக்கோல் போன்ற வடிவினது. பாரச் சங்கிலிகள் இரண்டும் இலேசான சங்கிலிகள் இரண்டும் கந்தகப் பிணைப்புக்களால் இணைந்து அவ்வடிவைத் தருகின்றன. 1959 இல் ஆங்கில அறிஞர் றொட்னி போட்டர் இதனைத் துண்டாடக் கையாண்ட கருவி யாது? நம் வளவுகளில் நிற்கும் பப்பாசியின் பாலிலுள்ள நொதியமே! மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு பிறபொருளைப் பற்றின. அவை கவையின் கைகள். பற்றாத மூன்றாவது, தண்டு. சங்கிலிகளைப் பிரித்துக் காட்டிய அமெரிக்கர் ஜெரால்ட் எடல்மனுடன் அவர் 1972 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தண்டு பெரிதும் மாறாதது. கைகளின் நுனியே மாறுவது. ஒவ்வொரு நுனியிலும் இருவகைச் சங்கிலிகளும் மும்மூன்றாக ஆறு வளையங்களை நீட்டுகின்றன. அவ்வாறும் கூடி அமைக்கும் பரப்பிலே, பிறபொருளின் ஒரு சிறு பகுதி வடிவத்தாலும் மின்னேற்றத்தாலும் இசையுமாயின் பற்று உண்டாகும், இன்றேல் இல்லை. இதன் கண்டிப்பைப் பாம்புக்கடி மருந்திற் காணலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியிலுண்டாகும் பிறபொருளெதிரிகளை இந்தியாவில் மருந்தாக்குகின்றனர். ஆனால், இலங்கையில் மிகுதியானோரைத் தீண்டும் சிறிய குழிவிரியனின் நஞ்சை அம்மருந்து முறிப்பதில்லை. அந்நஞ்சு அக்குதிரைகளுக்கு ஏற்றப்படவில்லை. தீண்டப்பட்டோரிற் சிலர் சிறுநீரகம் பழுதுற்று இறத்தலும் உண்டு.

இத்துணை வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் ஒரு பரம்பரையலகு வேண்டுமெனின் கலம் தாங்காது. பாசல் நகரிற் பணியாற்றிய ஜப்பானியர் சுசுமு தொனெகாவா 1976 இல் விடை காட்டினார். 1987 இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரம்பரையலகு முழுச் சொல்லாக இல்லை, துண்டுகளாக உள்ளது. மனிதரின் பாரச் சங்கிலியில் மாறும் பகுதிக்கு ஏறத்தாழ 40, 23, 6 எனத் துண்டுகள் மூன்று கூட்டமாக உள. நிணநீர்க்குழியம் வளரும்போது கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்து இணைக்கின்றது. இவ்வகையில் 5,520 சேர்க்கைகள் ஆகும். இலேசான சங்கிலியின் சேர்க்கைகள் முந்நூற்றுக்கு மேல். இரண்டையும் பெருக்கின் பதினாறு இலட்சத்தைக் கடக்கும். பன்னீருயிரும் பதினெண்மெய்யும் கூடி 216 உயிர்மெய் ஆதலைக் கற்ற நமக்கு இம்முறை புதிதன்று.

என்னை வியப்பித்தது வேறொன்று. துண்டுகள் சேருமிடத்திற் சில எழுத்துக்கள் கெடுகின்றன. சில புதியனவாய்த் தோன்றுகின்றன. நன்னூலார் கூறிய விகாரங்களுள் இரண்டு இங்கேயே உள! ஆயினும் நம் புணர்ச்சிக்கு விதி உண்டு. கலத்தின் புணர்ச்சியில் எது தோன்றும், எது கெடும் என்பதற்கு விதியில்லை. ஆதலாற் பல சேர்க்கைகள் பொருளற்ற சொற்களாய் வீணாகின்றன. உடல் முன்னொருபோதும் காணாத பிறபொருளுக்கும் பொருந்தும் நுனி அதனிடம் ஆயத்தமாக இருத்தற்குக் காரணம் இவ்விதியின்மையே.

மூன்றாவதாகிய திரிதல் பின்னர் வருகின்றது. பிறபொருளைச் சந்தித்த குழியம் பெருகும்போது, மாறும் பகுதியின் எழுத்துக்கள் சில திரிகின்றன. திரிந்தவற்றுள் இறுகப் பற்றுவனவே நிலைக்கின்றன. குதிரைக்கு நஞ்சைப் பலமுறை ஏற்றுதலும், குழந்தைக்குத் தடுப்பூசியை மீண்டும் ஏற்றுதலும் இதன் பொருட்டுமாகும்.