பாதிப் புத்தகத்தில் ஒரு கருத்து

பெரிய காஞ்சிபுரத்தில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசும்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முடித்த புத்தகத்தைப் பற்றி அல்ல, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். 'முழுசா படிக்காம எப்படிங்க கருத்து சொல்றது?' என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த ஊர்க் கதை ஒன்றை வைத்தே அதை யோசித்துப் பார்க்கலாம்.

குமரகோட்டத்தில் கந்தபுராண அரங்கேற்ற மண்டபம் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட புராணத்தை அக்கோயில் அர்ச்சகர் கச்சியப்ப சிவாச்சாரியார் அங்கே அரங்கேற்றினார் என்பது மரபு. முதற்பாட்டின் முதற் புணர்ச்சியிலேயே ஒருவர் எழுந்து தடுத்தார். 'திகழ்' என்பதோடு 'தசக்கரம்' சேரும்போது ழகரமும் தகரமும் கெட்டு டகரம் வர எந்த இலக்கணத்தில் விதி? முருகனே எடுத்துக்கொடுத்த அடி என்றார் கச்சியப்பர். தடுத்தவர் ஒப்பவில்லை. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டினார். வந்தவர் முருகனேதான் என்று கதை முடிகிறது.

பக்தர்கள் இதை அற்புதமாக வாசிக்கிறார்கள். என் வாசிப்பு வேறு. தடுத்தவர் முழு நூலையும் கேட்கவில்லை. ஒரு பாட்டுகூட முடியவில்லை. ஆனாலும் சபை அவர் கேள்வியை ஏற்றது. ஏனென்றால் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, இந்த இடத்தில் இடறுகிறது என்று இடத்தைக் காட்டினார். 'கடவுள் சொன்னது' என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை. கடவுளே வந்தாலும் கையில் புத்தகத்தோடு வரவேண்டியிருந்தது. அதுவும் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் செய்த இலக்கணம்! சைவப் பிரதியைக் காப்பாற்ற ஒரு பௌத்தப் பிரதி வருகிறது. தடை எழாமல் இருந்திருந்தால் இந்த உறவு வெளியே தெரிந்திருக்காது.

கதையின் சிக்கல் அதன் முடிவில் இருக்கிறது. வந்தவர் முருகன் என்றானபின் பேச்சுக்கு இடமில்லை. தடுத்தவருக்கு, நான் கேட்ட வடிவங்களில், பெயர்கூட இல்லை. அரங்கேற்றம் கேள்விக்கு இடம் தருகிறது. பிறகு முத்திரை குத்தி மூடிவிடுகிறது. நமது வெளியீட்டு விழாக்கள் முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டன.

இயக்கத்தவர்களும் விலக்கில்லை. இவ்வூர்க்காரரான அண்ணா, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று 1943இல் வாதிட்டார். ரா.பி. சேதுப்பிள்ளையும் பின்னர் சோமசுந்தர பாரதியாரும் மேடையிலேயே எதிர்வாதம் செய்தார்கள். 'கம்பரசம்' எழுத அண்ணா கம்பனைப் பாட்டுப் பாட்டாகப் படிக்கவேண்டியிருந்தது. நாமோ தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். எம்.ஏ. தமிழ் படித்த நானே வெகுகாலம் கம்பனைத் திறக்காமல் வெறுத்தவன். எதிர்த்தரப்பில் திறக்காமலே கும்பிட்டவர்கள் இருந்தார்கள். இரண்டுக்கும் புத்தகம் தேவைப்படவில்லை.

அதனால்தான் எங்கள் கூட்டத்தில் மூன்றைக் கேட்கிறோம். எந்தப் பக்கம்வரை வந்திருக்கிறீர்கள், எந்த வரியில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள். அடுத்த மாதம் வந்து 'நான் சொன்னது தப்பு' என்றால் அதையும் கருத்தாகவே எடுத்துக்கொள்கிறோம்.

தறி நெய்கிற நண்பர் ஒருவர் புதியவர்களுக்கு இப்படிச் சொல்வார்: 'இழை அறுந்தா தறியில இருக்கும்போதே பாத்துக் கட்டிடலாங்க. சேலைய மடிச்சுக் குடுத்தப்புறம் கூலியிலதான் பிடிப்பாங்க.'