அனுதாபம் வேண்டாம், ஆடுகளம் போதும்! - திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் காட்டும் வழி

2024, செப்டம்பர் 1. பாரிஸ் பாராலிம்பிக் பேட்மின்டன், பெண்கள் ஒற்றையர் எஸ்.யூ.5 பிரிவின் அரையிறுதி. வலைக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன். மறுபக்கம் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். யார் ஜெயித்தாலும் இந்தியாவுக்கு வெள்ளியாவது நிச்சயம். ஆனால், தோற்கப்போவதும் ஒரு தமிழ்நாட்டுப் பெண்தான்!

23-21, 21-17. மனிஷா தோற்றார். அப்போது அவருக்கு வயது 19.

மறுநாளே வெண்கலப் பதக்கத்துக்கான போட்டி. டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என நேர் செட்களில் வீழ்த்தினார் மனிஷா. அதே நாளில் துளசிமதி வெள்ளி வென்றார். எஸ்.ஹெச்.6 பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் பேட்மின்டனில் இந்தியப் பெண்கள் பதக்கம் வென்றது அதுவே முதல்முறை. மூவருமே தமிழ்நாடு!

பிறக்கும்போதே வந்த பாதிப்பு

மனிஷாவுக்கு வலது கையில் இருப்பது 'எர்ப்ஸ் பால்ஸி' என்ற பாதிப்பு. பிரசவம் சிக்கலாகி, குழந்தையின் தோள் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும்போது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுச் சேதமாகலாம். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் கை சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் தோளைத் தூக்குவதிலும் முழங்கையை மடக்குவதிலும் சிரமம் தங்கிவிடும்.

பெண் குழந்தைக்கு இப்படி ஒரு குறை என்றால், மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்பதற்கு முன்பே, 'நாளைக்கு இவளை யார் கட்டிக்குவா?' என்று கேட்கும் உறவினர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வியில் அவளுடைய படிப்பு, வேலை, ஆசை எதற்கும் இடமில்லை. அடுத்தவர் கண்ணில் படக் கூடாதென்று விசேஷங்களுக்குக்கூட அழைத்துப் போகாத வீடுகளும் இருக்கின்றன.

மனிஷா ராக்கெட்டைப் பிடித்தார். 2022-ல் டோக்கியோவில் நடந்த உலக பாரா பேட்மின்டன் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டின் சிறந்த பாரா பேட்மின்டன் வீராங்கனையாக உலக பேட்மின்டன் கூட்டமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. 17 வயதில் இதெல்லாம்!

படியும் பாதையும்

மனிஷாவின் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திருத்தணியும் இருக்கிறது. முருகனின் மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு ஏறி வருபவர்களுக்கு அந்தப் படிகளே வேண்டுதல். ஆனால், காலில் காலிப்பர் மாட்டியிருக்கும் பெண்ணுக்கும், வீல்சேரில் வரும் பாட்டிக்கும்? அவர்களுக்காகவும் மலைமேல் வரை வாகனப் பாதை இருக்கிறது. பாதை வழியாக வந்தவருக்குக் கிடைப்பதும் அதே முருகனின் தரிசனம்தான். பாதி தரிசனம் என்று யாரும் சொல்வதில்லை.

பாரா விளையாட்டின் பிரிவுகளும் அந்தப் பாதை மாதிரிதான். எஸ்.யூ.5 என்பது கை, தோள் பகுதியில் பாதிப்பு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு. எஸ்.ஹெச்.6 உயரம் குறைந்தவர்களுக்கானது. வீல்சேரில் ஆடுபவர்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. இது சலுகை அல்ல. ஏறக்குறைய ஒரே அளவு பாதிப்பு உள்ளவர்களை மோதவிட்டால்தான், ஜெயித்தது திறமையா, உடலமைப்பா என்பது தெரியும்.

தோற்கவும் உரிமை உண்டு

மாற்றுத்திறனாளிப் பெண்ணை நம் ஊர் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் பார்க்கிறது. ஒன்று, 'ஐயோ பாவம்'. இல்லையென்றால், 'சாதனைப் பெண்'. நடுவில், சாதாரணமாக வாழ அவளுக்கு இடமே இல்லை. பரீட்சையில் மார்க் குறைந்தாலோ, வேலை பிடிக்காமல் விட்டாலோ, 'இதெல்லாம் இவளுக்கு எதற்கு?' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால்தான், மனிஷாவின் பதக்கத்தைப்போலவே அந்த அரையிறுதித் தோல்வியும் முக்கியம். எதிரில் நின்ற துளசிமதியும் கையில் பாதிப்பு உள்ளவர்தான். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே மனிஷா பரிதாபத்துக்குரியவரும் அல்ல, அதிசயமும் அல்ல. ஒரு போட்டியில் தோற்று, அடுத்த போட்டிக்குத் தயாரான ஆட்டக்காரர். 2024-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதுப் பட்டியலில் மனிஷா, துளசிமதி, நித்யஸ்ரீ மூவரின் பெயரும் இடம்பெற்றது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

* மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சட்டம் ஏற்கும் குறைபாடுகளை 7-லிருந்து 21 ஆக உயர்த்தியது. பெண்களும் குழந்தைகளும் மற்றவர்களுக்குச் சமமாக உரிமைகளைப் பெற அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது.

* பாதிப்பு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு வேலையில் குறைந்தது 4 சதவிகிதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகிதமும் இட ஒதுக்கீடு உண்டு.

* இவர்களில் 6 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை இருக்கிறது.

* இவற்றுக்கு முதல் படி, யூ.டி.ஐ.டி எனப்படும் தேசிய அடையாள அட்டை. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். உதவிக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

அட்டை வாங்குவது அரை வேலைதான். மகளை வீட்டுக்குள் வைத்துப் பாதுகாப்பதைவிட, வெளியே அனுப்பி, விழவும் எழவும் விடுவதுதான் மீதி வேலை. 'யார் கட்டிக்குவா?' என்று கேட்பவர்களிடம், 'அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேளுங்க' என்று பெற்றோர் சொல்லத் தொடங்கினாலே போதும்!