விரித்த கைகளைவிடச் சிறிய இறக்கை

முப்பது ஆண்டுகள் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை பார்த்தவன் நான். போயிங் 747 விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்று பழகியவன். பணி ஓய்வுக்குப் பிறகு பேரனோடு அமெரிக்கா சென்றபோது, அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள பிமா விமான அருங்காட்சியகத்தில் ஒரு விமானத்தைப் பார்த்தேன். முதலில் பொம்மை என்றே நினைத்தேன்.

அதன் பெயர் ‘பம்பிள் பீ’. நீளம் 2.84 மீட்டர், இறக்கை விரிப்பு 1.98 மீட்டர். நம் மைவி கார்கூட இதைவிட ஒரு மீட்டர் நீளம்! ராபர்ட் ஸ்டார் என்ற விமானி, உலகின் ஆகச் சிறிய விமானம் என்ற சாதனைக்காகவே இதைக் கட்டி, 1984இல் தாமே ஓட்டினார்.

சின்ன விமானம்தானே, சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. இறக்கை சிறுத்தால் காற்றில் தாங்கும் பரப்பு குறையும். அதை வேகத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் இரண்டடுக்கு இறக்கையும் வலுவான இயந்திரமும். தரையிறங்கும்போதும் அந்த வேகத்தை அதிகம் குறைக்க முடியாது. வால் மிக அருகில் இருப்பதால், கட்டுப்பாட்டுத் தண்டைக் கொஞ்சம் அசைத்தாலே மூக்கு துள்ளும். இயந்திரம் நின்றுவிட்டாலோ, மிதந்து இறங்க இறக்கை போதாது.

ஸ்டார் அத்தோடு நிற்கவில்லை. அதைவிடச் சிறிதாக ‘பம்பிள் பீ 2’ விமானத்தைக் கட்டினார். இறக்கை விரிப்பு 1.68 மீட்டர்; நான் இரு கைகளையும் விரித்தால் அதைத் தாண்டிவிடும். வெற்று எடை சுமார் 180 கிலோ. இயந்திரம் 85 குதிரைத்திறன். 1988 ஏப்ரல் 2இல் அது பறந்தது. சொந்தச் சாதனையை அவரே முறியடித்தார்.

அடுத்த மாதமே, ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் இயந்திரம் நின்றது. விமானம் விழுந்து நொறுங்கியது. பலத்த காயமடைந்த ஸ்டார், நல்லவேளையாக உயிர் பிழைத்துத் தேறினார்.

ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பதே எங்கள் தொழிலின் பாலபாடம். அவரோ அந்தக் காப்பை எல்லாம் கழித்துக் கழித்துத்தான் சாதனையைத் தொட்டார். அவரைப் பாராட்டுவதா, கடிந்துகொள்வதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

“இதைவிடச் சின்னதா செய்ய முடியுமா தாத்தா?” என்றான் பேரன்.

“முடியும்யா. ஆனா, இன்ஜின் நின்னா எப்படி இறங்குறதுன்னு முதல்ல யோசி. அப்புறமா இறக்கையை வெட்டு.”