ஆயரும் உழவரும்

பழங்கால ஆசியாவைப் பற்றி எழுதினோர் பலர், பெயர்ந்து திரிந்த மேய்ப்பரைக் கொள்ளையராகவும் உழவரை அவர்தம் இரையாகவும் காட்டிவிட்டனர். ஏடெழுதியவர் பெரும்பாலும் உழவர் பக்கத்தார் என்பதை மறத்தலாகாது. கி.மு. 200இல் சியோங்நு என்னும் குதிரை மேய்ப்பரிடம் தோற்ற சீன மன்னன் காவோசு, ஈராண்டில் அவர்களுக்குப் பட்டும் தானியமும் மதுவும் அனுப்ப உடன்பட்டான். மேய்ப்பர் வேண்டியது நிலமன்று, நிலத்தின் விளைவே.

தமிழகத்துச் சான்று இதனினும் தெளிவானது. முல்லை நில ஆயர் முழு நாடோடிகள் அல்லர். குடிலும் வரகுப் புனமும் உடையோர். ஆயினும் புல்லைத் தேடி மந்தையுடன் பெயர்வர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள், மோர் விற்றுப் பெற்ற உணவால் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். கன்று ஈனாத பொன் அவளுக்கு எதற்கு?

உழவர்க்கும் மந்தை வேண்டியிருந்தது. இராமநாதபுரப் பகுதிக் கீதாரிகள், அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கம் இன்றும் உண்டு. பகலில் தாளை மேயும் ஆடு இரவில் வயலுக்கு எருவிடுகிறது. நிலக்காரர் கிடைக்குக் கூலி தருகின்றனர்.

பூசலும் இருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், ஆகோளில் பட்ட வீரனைக் குறிக்கிறது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் அதே சொல்லைத் தொல்காப்பியரும் வெட்சித்திணையில் ஆள்கிறார். ஆகவே வெட்சியை அரசப் போரின் முதற்படி என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடுவது போதாது. மாடே செல்வமாக இருந்த குடிகளின் சண்டை அதன் அடியில் கிடக்கிறது.

கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரையுள்ள மாணவர்க்கு இவ்வுறவை விளக்க உள்நாட்டுச் சான்றும் உண்டு. கோலாலம்பூரை அடுத்த கோம்பாக்கில் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மக்களுள் ஒரு பிரிவினரான பாத்தேக் மந்தை மேய்ப்போர் அல்லர்; வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் காட்டில் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். பிரம்பும் அகிலும் திரட்டி, ஊராரிடம் அரிசியும் துணியும் புகையிலையும் மாற்றிக்கொண்டனர். ஆனால் இத்தீபகற்பத்தில் கவரப்பட்டவை ஆநிரைகள் அல்ல, மனிதர்கள். கவர்ந்தவரும் நாடோடிகள் அல்லர். 19ஆம் நூற்றாண்டிலும் நிலையூன்றிய ஊர்களிலிருந்து புறப்பட்டோரே பூர்வகுடிப் பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர்.