காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள்

சென்ற நோன்புக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாயார் வந்தார். மகன் மலேசியாவில் உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். ஐந்து நாளாகக் காய்ச்சல், துஆச் செய்யுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்டோம். பதில் சொல்லத் தயங்கினார். வெகுநேரம் கழித்துத்தான், பெர்மிட் முடிந்து எட்டு மாதமாகிறது என்று வாய் திறந்தார். "போனா புடிச்சுக்குவாங்களாம்."

இது வெறும் பயமா, உண்மையா என்று நம்மிடம் பலர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான். ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால், அரசு மருத்துவமனை ஊழியர்கள் போலீசுக்கோ இமிக்ரேஷன் துறைக்கோ தகவல் தர வேண்டும் என்று மலேசிய சுகாதார அமைச்சு 2001இல் சுற்றறிக்கை அனுப்பியது. பெர்மிட் முடிந்தும் தங்கியிருப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவருக்குப் பிரம்படியும் உண்டு. மாட்டிக்கொள்ளாவிட்டாலும் செலவு வேறு. குடிமக்கள் 1 ரிங்கிட் கொடுத்துப் பார்க்கும் அரசு மருத்துவரை வெளிநாட்டவர் பல மடங்கு கொடுத்துத்தான் பார்க்க முடியும். படுக்கையில் சேர்ப்பதென்றால் முன்பணமும் கட்ட வேண்டும்.

பெர்மிட் இல்லாதவர் என்றாலே திருட்டுத்தனமாகப் போனவர் என்று ஊரில் பேசுகிறார்கள். அப்படிப் பேசுவது சரியல்ல. பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டியவர் அவர். அவர் பணம் கட்டாமல் விட்டாலும், சம்பளம் தராத கடையிலிருந்து பையன் வெளியேறினாலும், ஒரே நாளில் அவன் ஆவணமற்றவன் ஆகிவிடுகிறான்.

2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்கலாம். பரிசோதனைக்கு வாருங்கள், ஆவணத்தைப் பார்க்க மாட்டோம் என்று அந்த ஆண்டு மார்ச்சில் மலேசிய அரசு சொன்னது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியை நம் சபுராளிகள் எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களை ஏப்ரலில் கம்பிவேலி போட்டு அடைத்து, குடியிருந்தவர்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். மே 1ஆம் தேதி, அடைப்பை எடுக்கும் நேரத்தில் இமிக்ரேஷன் அதிகாரிகள் வந்து 500க்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றார்கள். பிடிபட்டவர்களுக்கு நோய் இல்லை என்று அரசே சொன்னது. ஆனால் மே மாதம் முடிவதற்குள் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமுக்குள் நோய் பரவிவிட்டது. அடுத்த ஆண்டும் இதே கதைதான். ஆவணமில்லாதவர்களுக்கும் தடுப்பூசி இலவசம், கைது இல்லை என்று பிப்ரவரியில் ஓர் அமைச்சர் அறிவித்தார். ஜூனில் சைபர்ஜெயாவில் சோதனை நடத்தி 156 பேரைப் பிடித்தார்கள். அழைப்பதும் பிடிப்பதும் ஒரே அரசாக இருந்தால், அடுத்த முறை அழைக்கும்போது யார் வருவார்? நோயை மறைத்துக்கொண்டு எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருவர் கிடந்தால், மற்ற ஏழு பேருக்கும் அவர்கள் வேலை செய்யும் கடைக்கு வரும் உள்ளூர் மக்களுக்கும் அது ஆபத்துதான்.

பாதுகாப்பும் இப்படித்தான் போகிறது. பணத்தைப் பறிகொடுத்தாலும், அடிபட்டாலும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். வழிப்பறி செய்பவனுக்கும் இது தெரியும், சம்பளத்தை அமுக்கும் முதலாளிக்கும் தெரியும். வழக்கு நடத்த நினைத்தால், நாட்டில் தங்கவே மாதம் 100 ரிங்கிட் கட்டி விசேஷ அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியில் வேலை செய்ய முடியாது. சாப்பாட்டுக்கு என்ன வழி என்று சட்டம் சொல்லவில்லை!

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று வைத்தார்கள். அது சுற்றிப் பார்க்க மட்டும். "இதில் போ, அங்கே பெர்மிட் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜெண்டிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட், பெர்மிட் பக்கங்களின் நகல் வீட்டில் ஒன்று இருக்கட்டும். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்பே மகனிடம் கேளுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியே குற்றம். பாஸ்போர்ட் தொலைந்திருந்தால், ஊர் திரும்ப கோலாலம்பூர் இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அபராதம் மட்டும் கட்டி வழக்கில்லாமல் ஊர் திரும்பும் திட்டங்களையும் மலேசியா அவ்வப்போது அறிவிக்கிறது. 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை அப்படி ஒன்று நடந்தது, அதிகபட்ச அபராதம் 500 ரிங்கிட். இத்தகைய அறிவிப்பு வந்தால் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம்.

அந்தத் தாயாரிடம் நாம் சொன்னது இதுதான்: காய்ச்சல் டெங்குவாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை. பிடித்தால் ஊருக்கு அனுப்புவார்கள், பிள்ளை உயிரோடு வருவான். அன்றிரவே ஃபோன் போட்டு மகனைப் போகச் சொன்னார். பெர்மிட் விஷயத்தை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று நம்மிடம் இருமுறை கேட்டுக்கொண்டார்.